தளபதிகள் மட்டும் இருந்த ஆய்வேடு

“இன்னும் எத்தனை தடவை திருப்பி அனுப்புவீர்கள், ஹோஜாம்?”

துன்ஜெர் தன் ஆய்வேட்டை டீக்கடை மேசைமேல் வைத்தான். துருக்கியில் ஆசிரியரை ஹோஜாம் என்றுதான் அழைப்பார்கள்.

எதிரே இருந்த பேராசிரியர் முனெவ்வர் அதில் கையெழுத்துப் போடாவிட்டால், இந்த வாரத்தோடு பல்கலைக்கழகத்தில் அவனுக்கு வேலை இல்லை.

ராணுவத்துக்கும் மக்களுக்கும் உள்ள உறவைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதியவர் அவர். தளபதிகள் ஆண்டபோது ஒருமுறை வேலை போயிற்று. ஓட்டு வாங்கியவர்கள் ஆண்டபோது மறுபடியும் போயிற்று. இரண்டு தடவையும் வழக்காடித் திரும்பி வந்தார்.

கடைக்காரர் பெகிர் டீ கொண்டுவந்தார்.

“இன்னும் உங்களை உள்ளே போடவில்லையா, ஹோஜாம்?”

“இடம் இல்லையாம், பெகிர். உன் கடையைக் கேட்கிறார்கள்.”

பெகிர் சிரித்துக்கொண்டே போனார்.

“என்ன குறை என்றாவது சொல்லுங்கள்” என்றான் துன்ஜெர். “ஆட்சியைப் பிடித்த தளபதிகளில் ஒருவரைக்கூட நான் விடவில்லை.”

“மற்றவர்கள் எங்கே?”

“எந்த மற்றவர்கள்?”

“இந்தக் கடையில் இருக்கிறவர்கள்.”

“இவர்கள் என்ன செய்தார்கள்? துப்பாக்கிக்குப் பயந்து அடங்கிப்போனார்கள். அவ்வளவுதான்.”

“நீ அன்று இருந்திருந்தால்?”

“பணிந்திருக்க மாட்டேன்.”

கடை முழுக்க ஆண்கள். அந்த நாட்டில் ஆணாகப் பிறந்தவன் கொஞ்ச காலமாவது ராணுவத்தில் இருந்தாக வேண்டும். இப்போது எல்லோரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

முனெவ்வர் டீயைக் கீழே வைத்தார். மெலிந்த உடம்பு. அந்தக் குரல் அதற்குள் எங்கே இருந்ததோ.

“அட்டென்ஷன்!”

நாற்காலிகள் கிறீச்சிட்டன. சீட்டுகள் சிதறின. காய்கறிக்காரர் நின்றார். ஓய்வுபெற்ற நீதிபதி நின்றார். பெகிர் டீத்தட்டோடு குதிகால்களைச் சேர்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

“யாரப்பா அது கத்தினது?”

“நம்ம ஹோஜாம்தான்!”

“நல்ல சீட்டு வந்திருந்தது. கெடுத்துவிட்டாரே!”

சிரிப்பும் வசவுமாக ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து சீட்டுகளைப் பொறுக்கினார்.

முனெவ்வர் நாற்காலியை விட்டு அசையவே இல்லை. எதிரே நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை.

துன்ஜெரின் கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன. நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

“ஹோஜாம்,” என்றான் மெதுவாக, “நான் உட்காரலாமா?”