பாம்புக்கு முளைத்த கால்கள்

சீன நாட்டில் ஒரு மூங்கில் காடு. அங்கே மிங் என்று ஒரு குரங்கு. கெட்டவன் இல்லை, கைதான் சும்மா இருக்காது! ஆறுகிற புண்ணைச் சொறிவான். தூங்குகிறவன் வாலைப் பிடித்து முடிச்சுப் போடுவான்.

அந்த வருஷம் குளிர் முன்னாலேயே வந்துவிட்டது. மிங்குக்கு ஒண்ட இடமில்லை. காட்டில் கதகதப்பான பொந்து ஒன்றே ஒன்றுதான். அதில் குடியிருந்த கிழப்பாம்பு, வெந்நீர் ஊற்றுப் பக்கம் மகள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"பொந்து எனக்குத்தான், பெரியவரே!" என்று ஓடினான் மிங்.

"எனக்கும் வேணும், தாத்தா!" என்று பின்னாலேயே உருண்டு வந்தது ஒரு முள்ளெலி.

"சண்டை வேண்டாம்," என்றது பாம்பு. "இத்தனை வயசாச்சு, என்னை யாரும் படம் வரைந்ததே இல்லை. குளத்தங்கரைச் சேற்றில் வரையுங்கள். முதலில் முடிக்கிறவருக்குப் பொந்து!"

மிங் ஒரு குச்சியை எடுத்தான். சர்ரென்று ஒரு இழுப்பு. தலை, உடம்பு, வால், இரண்டு கண். முடிந்தது! அசல் பாம்பே அசந்துபோகும், அப்படி ஒரு படம்.

முள்ளெலியோ நாக்கைத் துருத்திக்கொண்டு இன்னும் தலையிலேயே நின்றது.

'முடிச்சாச்சு' என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் பொந்து மிங்குக்கு. கத்தினானா? அதுதான் இல்லை!

"இவன் வாலுக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை நாலு கால் போட்டு வைப்போம், அழகாக இருக்கும்!"

கால் போட்டான். காலுக்கு விரல் போட்டான். விரலுக்கு நகம் போட்டுக்கொண்டிருந்தபோது, "முடிச்சுட்டேன்!" என்று கத்தியது முள்ளெலி.

"நான் எப்பவோ முடிச்சுட்டேன்!" என்று குதித்தான் மிங்.

பாம்பு ஊர்ந்து வந்தது. முள்ளெலியின் படம் கோணல்மாணல்தான், ஆனால் பாம்பு. மிங்கின் படத்தை அது சுற்றிச் சுற்றி வந்தது.

"நல்லாத்தான் இருக்கு. உடும்பா இது?"

"ஐயோ, நீங்கதான் பெரியவரே!"

"நானா? எனக்குக் கால் இருக்கிற சங்கதி எனக்கே தெரியாதேப்பா!"

மிங் படத்தின் மேல் பாய்ந்தான். "இதோ, அழிச்சிடறேன்!" என்று இரண்டு கையாலும் தேய்த்தான். காலோடு வயிறும் போச்சு, வாலும் போச்சு. மிஞ்சியது வெறும் சேறு.

பனி கொட்டத் தொடங்கியது. முள்ளெலி பொந்துக்குள் போனது. மிங் வாசலில் நின்று வெடவெடவென்று நடுங்கினான்.

"உள்ளே வாங்கண்ணே," என்றது முள்ளெலி. "ஆனா இடம் சின்னது. கையை மட்டும் அசைச்சுடாதீங்க, முள் குத்தும்!"

பாவம் மிங்! அந்தக் குளிர்காலம் பூராவும் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

வேண்டாத வேலையைச் சீனர்கள் 'பாம்பு வரைந்து கால் சேர்ப்பது' என்பார்கள். முடிந்த வேலையில் மறுபடி கை வைத்தால் முடித்ததும் கெட்டுப்போகும்.