சிவப்பாகவே நின்ற வெள்ளிக்கிழமை

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஆள் குறைகிற இடங்கள் உண்டு. கல்யாணப் பந்தியில் போட்ட இலைகளை எண்ணிவிட்டு எல்லாரும் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். கை கழுவப் போனவன் திரும்பவே இல்லை என்பதை இலை சொல்லாது. இதுவும் அப்படி ஓர் எண்ணிக்கையின் கதைதான். பொறுமையாகக் கேளுங்கள், தீர்ப்பு உங்களுடையது.

ஒரு தனியார் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்கென்று தனி வார்டு இருந்தது. மூன்று குழந்தைக்கு ஒரு நர்ஸ் என்பது அங்கே விதி. யார் எந்த நேரத்தில் வேலைக்கு வருவது என்பதை ஒரு மென்பொருள் கணக்கிட்டது. வார்டில் எத்தனை குழந்தைகள் என்று பார்த்து, அந்த வார்டின் அட்டவணையில் இருக்கும் பெயர்களை எண்ணும். போதுமானால் அந்த நேரத்துக் கட்டம் பச்சை, குறைந்தால் சிவப்பு. சிவப்பு கொஞ்ச நேரம் மாறாமல் நின்றால், அதே வேலை தெரிந்த மற்ற வார்டு நர்சுகளில் யாருக்கு அன்று ஓய்வோ அவர்களுக்கெல்லாம் அதுவாகவே செய்தி அனுப்பும் என்று விற்க வந்தவர் சொல்லியிருந்தார். அதை யாரும் நிற்கவிட்டுப் பார்த்ததில்லை. காலைக் கூட்டத்தில் சிவந்த வார்டுகளின் பெயரை நிர்வாகி உரக்கப் படிப்பார், அந்தப் பயம். சிவப்பு கண்ணில் பட்டால் எப்படியாவது பச்சையாக்கிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவது என்று வழக்கமே ஆகிவிட்டது.

அந்த வார்டில் மூத்த நர்ஸ் ஜெசிந்தா. பிள்ளை இல்லாதவள். அவளும் கணவனும் தத்துக்குப் பதிந்து வைத்து வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை காலை வெளியூர்க் காப்பகத்திலிருந்து அழைப்பு வந்தது. பெண் குழந்தை. நாளை மாலை இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வராவிட்டால் அடுத்த தம்பதியைக் கூப்பிடுவார்கள்.

வெள்ளி மாலை ஜெசிந்தாவுக்கு டியூட்டி. வார்டில் பன்னிரண்டு குழந்தைகள், நான்கு நர்சுகள், அவளையும் சேர்த்து. லீவு கேட்டதும் கட்டம் சிவந்தது. சிவந்த கட்டத்தில் மென்பொருள் லீவை ஏற்காது.

இன்சார்ஜ் சிஸ்டர் மங்கையர்க்கரசி யோசிக்கவே இல்லை. "நீ போயிட்டு வா ஜெசி. உன் இடத்துல நான் நிக்கிறேன்" என்று தன் பெயரைப் போட்டார். பச்சை வந்தது. அதே மாலை பிரசவ வார்டும் அவர் பொறுப்பு, அங்கேயும் அவர் பெயர் இருந்தது.

"உங்களுக்கு என்ன சிஸ்டர், றெக்கையா இருக்கு? அங்க ஒருத்திக்கு வலி வந்தா இங்க யாரு?" என்றாள் சுந்தரவல்லி. வெள்ளி மாலை நால்வரில் அவளும் ஒருத்தி. மனசில் பட்டதைப் பேசிவிடுகிற ஆள்.

சிஸ்டர் முகம் சுருங்கியது. பெயரை எடுத்துவிட்டார். மறுபடி சிவப்பு.

கணினிப் பிரிவிலிருந்து ஹபீபைக் கூப்பிட்டார்கள். "இவ்வளவுதானாக்கா? மூணு குழந்தை சனிக்கிழமை வீட்டுக்குப் போகுதுல்ல, வெள்ளியே போயிட்டதா போட்டுடறேன். ஒம்போதுக்கு மூணு பேர் போதும்."

பச்சை வந்தது.

"அந்த மூணும் பாலுக்கு அழுதா உன் சாப்ட்வேர் ஊட்டுமா?" என்றாள் சுந்தரவல்லி.

"நீங்க இருக்கீங்கன்னு ஒரு தைரியம்தான்" என்றான் ஹபீப். சிஸ்டர்கூடச் சிரித்துவிட்டார். ஜெசிந்தா சிரிக்கவில்லை. லீவை அனுப்பக் கை நீட்டினாள்.

அதற்குள் சுந்தரவல்லி ஒன்பதை அழித்துப் பன்னிரண்டு என்று போட்டாள். கட்டம் சிவந்தது. கீபோர்டைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "யாரும் தொடக்கூடாது. அப்படியே நிக்கட்டும்."

"உனக்கு ரெண்டு புள்ள இருக்குடி" என்றாள் ஜெசிந்தா. "அதான் பேசுற."

"ஆமாக்கா. சின்னவன் இதே வார்டுலதான் கிடந்தான். அவனுக்கு மூச்சு நின்ன அன்னிக்கும் கட்டம் பச்சைதான். பக்கத்துல ஆள் இல்ல. அடுத்த ரூம்லேருந்து நீங்க ஓடி வந்தீங்க."

ஜெசிந்தாவின் கணவன் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், பஸ்ஸுக்கு டிக்கெட் போடலாமா என்று கேட்க. அவள் எடுக்கவில்லை. சிஸ்டரின் டீ ஆடை கட்டிப்போயிற்று. கட்டம் சிவப்பாகவே நின்றது.

மூவருமே ஜெசிந்தாவுக்குக் கெடுதல் நினைத்தவர்கள் இல்லை. சிஸ்டர் தன் உடம்பையே வருத்திக்கொள்ள முன்வந்தார். ஹபீப் காட்டிய வழியில் அவளுக்குக் குழந்தை நிச்சயம். சுந்தரவல்லியோ கைக்கு எட்டியதைத் தட்டிவிட்டாள், யாரும் வராமல் போனால் அந்தக் குழந்தை வேறு வீட்டுக்குப் போய்விடும். சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: சுந்தரவல்லி செய்ததுதான் சரி. மற்ற இருவர் வழியிலும் நிறம் மாறியதே தவிர, வெள்ளி மாலை அந்த வார்டில் கடைசிவரை நிற்கப்போகிறவர்கள் மூன்று பேர்தான். குழந்தைகள் பன்னிரண்டு. தோழியின் பிள்ளையைப் பணயம் வைத்தாளே என்று கேட்பீர்கள். குறையை வியாழனன்றே வெளியே தெரியவிட்டால் அதை நிரப்ப ஒரு முழு நாள் கையில் இருக்கிறது. மூடி வைத்தால் குழந்தை நீலம் பாயும்போதுதான் தெரியும். அன்று முதன்முறையாக மென்பொருளின் அந்தச் செய்தி வெளியே போயிற்று. கண் வார்டுத் தில்லைநாயகி, முன்பு இதே வேலை பார்த்தவள், வீட்டிலிருந்து போன் செய்தாள். "நாளைக்குச் சாயங்காலந்தானே, வர்றேன். இத்தனை வருஷமா ஒரு தடவைகூட நீங்க கேக்கலையா, உங்க பக்கம் ஆளுக்குப் பஞ்சமே இல்லன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்." தில்லைநாயகியின் பெயர் ஏறியது, கட்டம் பச்சையாகி லீவும் ஏற்கப்பட்டது. ஜெசிந்தா கணவனைத் திருப்பிக் கூப்பிட்டு ரெண்டு டிக்கெட் போடச் சொன்னாள். வைக்கப்போனவள் மறுபடி காதில் வைத்து, "என்னங்க, வரும்போது கைக்குழந்தைக்கும் டிக்கெட் கேப்பாங்களா?" என்றாள்.