ஹாரன் வளையம்

“எத்தனை நேரம் ஆசிட்ல முக்கி வெக்கோணும்னு மட்டும் சொல்லு அம்மிணி. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

தாமோதரசாமிக்கு அறுபத்து மூன்று வயது. நூற்பாலையில் முப்பத்தைந்து வருஷம் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். எதையும் எண்ணாகக் கேட்டு எண்ணாக எழுதிக்கொண்டே பழகியவர்.

நஸ்ரத்துக்கு அதில் பாதி வயதுதான் இருக்கும். கோவை கணபதியில் முலாம் பட்டறை அவளுடையது.

அவள், அவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தாள்.

உள்ளே முட்டை ஓடு போல மெல்லிய துண்டுகள். வெளிப்பக்கம் மஞ்சள் ஓடிய வெள்ளை. உள்பக்கம் செம்பு நிறம்.

“என்னங்க சார் இது?”

“ஹாரன் வளையம்.”

“எங்க இருக்கு?”

“இதுதான் அம்மிணி. இவ்வளவுதான் மிச்சம்.”

பதினோரு வருஷம் முன்பு, ஆலையின் பின்புறம் கோழி அடைகாத்துக் கிடந்த பழைய கார் ஒன்றை அவர் வாங்கினார். அதன் ஒவ்வொரு உருப்படியையும் தன் கையாலேயே சீர் செய்வதென்று முடிவு. எஞ்சின் முடிந்தது. சீட் முடிந்தது. உள்ளே இருந்த குரோம் சாமான்கள் மட்டும் துருவேறிக் கிடந்தன. கதவுக் கைப்பிடி, கண்ணாடி இறக்கும் பிடி, சாம்பல் கிண்ணத்து மூடி.

அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார். துரு பழுப்புச் சேறாக வந்தது. வராததை ஆசிட் வாளியில் போட்டார். கைப்பிடிகள் பொறுத்துக்கொண்டன. கடைசியாக ஸ்டீயரிங்கின் நடுவே இருக்கும் ஹாரன் வளையத்தையும் ஒரு மாலை அதே வாளியில் போட்டார். காலையில் கைவிட்டபோது இந்த ஓடுதான் கிடைத்தது.

“காந்தம் வெச்சுப் பார்த்தீங்களா?”

“இல்லை.”

“கைப்பிடி இரும்பு. இது துத்தநாகத்துல வார்த்தது. ஆசிட்டுக்கு அல்வா மாதிரி. அதைத் தின்னுட்டு, மேல பூசின செம்பையும் நிக்கலையும் மட்டும் ஓடா விட்டிருக்கு.”

பட்டறை ஆட்கள் இருவர் சிரித்தார்கள். தாமோதரசாமி சிரிக்கவில்லை. தோள்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே இன்னொரு வளையம். அங்கங்கே குரோம் கொப்புளித்து, வெடித்த இடங்களில் வெள்ளையாய்ப் பொடி கசிந்திருந்தது.

“பொள்ளாச்சியில என் சிநேகிதன், பெரியநாயகம். அவன் கிட்டயும் இதே கார். ‘என் வண்டி நிக்குது, உன் வண்டியாவது ஓடட்டும்’னு ஸ்டீயரிங்ல இருந்து கழட்டிக் குடுத்துட்டான். மூணாவது வளையம் இந்த நாட்டுல எங்கயும் இல்லை. தேடிப் பார்த்துட்டேன்.”

“ம்.”

“இதை மட்டும் நீயே செஞ்சு குடுத்துரு.”

“எல்லாம் உங்க கையால செய்யறதா சொன்னீங்களே?”

“இது ஒண்ணு போகட்டும்.”

நஸ்ரத் வளையத்தை அவர் பக்கமே தள்ளினாள். “முலாம் நான் பூசறேன். பழைய குரோமை நீங்க உரிச்சுக் குடுங்க.”

“அப்ப நேரத்தைச் சொல்லு.”

“தெரியாதுங்க.”

“தினம் நூறு உருப்படி முக்கறே. தெரியாதா?”

“தெரியாதுங்க.”

தொழில் ரகசியம் என்று நினைத்துக்கொண்டார். கோபமாகப் போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து ஆசிட் தொட்டியருகே நின்றார். கையில் ஸ்டாப் வாட்ச். பையில் நோட்டு.

மூன்று நாள் நின்றார். அவள் முக்கும்போது அழுத்தினார். தூக்கும்போது அழுத்தினார். எழுதினார்.

“ஒரே மாதிரி அலமாரிக் கைப்பிடிக் குமிழ். காலைல இருபத்து மூணு செகண்டு. மத்தியானம் பதினொண்ணு. எது சரி?”

“ரெண்டும்.”

நான்காம் நாள் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார்.

“பதினேழு,” என்றார்.

“என்னங்க பதினேழு?”

“சராசரி.”

நஸ்ரத் ஒரு பழைய துத்தநாகக் குமிழை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் கம்பியில் மாட்டி ஆசிட்டில் இறக்கினார். வாட்ச்சைப் பார்த்தார். சரியாகப் பதினேழில் தூக்கினார்.

குமிழில் விரல் நுழையும் ஓட்டை.

“சராசரிக்கு ஒண்ணும் ஆகலைங்க சார்,” என்றாள் நஸ்ரத். “குமிழுக்குத்தான்.”

அவர் முகம் சிவந்தது.

“இது ஓட்டை ஆகறப்ப நீங்க எதைப் பார்த்துட்டு இருந்தீங்க?”

தாமோதரசாமி வாட்ச்சை நிறுத்தி நோட்டோடு பையில் போட்டார்.

“இன்னொரு குமிழ் குடு.”

அவள் ஒரு டின் நிறையக் கொடுத்தாள். எல்லாம் காயலான் கடைச் சாமான்.

அன்று ஒன்பது குமிழ் கெட்டது. மறுநாள் நான்கு. கண் எரிந்தது. ‘வயசான காலத்துல உங்களுக்கு இது எதுக்குங்க?’ என்று ஆட்களில் ஒருவர் கேட்டார். ‘நீ போய் டீ குடி’ என்றார் தாமோதரசாமி. அதற்கடுத்த நாள் ஒன்றும் கெடவில்லை. அதற்கும் அடுத்த நாள் ஒன்று கெட்டது. ஏன் என்று அவருக்கே தெரிந்தது. வாசலில் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியிருந்தார்.

திங்கட்கிழமை வளையத்தை எடுத்து வந்தார்.

நஸ்ரத் பக்கத்தில் வந்து நிற்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் தொட்டிக்கு முதுகைக் காட்டி, குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மிணி, முக்கப் போறேன்.”

“முக்குங்க.”

இறக்கினார்.

முதலில் எதுவும் இல்லை. பிறகு வளையம் முழுக்க சோடாவைப் போலப் பொடிப்பொடியாய் நுரைத்தது. நீலம் கலந்த பளபளப்பு ஓரத்திலிருந்து பின்வாங்கியது. அது விலகிய இடத்தில் அடியில் இருந்த நிக்கலின் மஞ்சள் தெரிந்தது. பாதி. முக்கால். இடது பக்கம் இன்னும் ஓர் அங்குலம்தான் பாக்கி.

அந்த ஓர் அங்குலத்தையும் முடித்துவிட அவர் கை பொறுத்திருந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் எந்த வேலையையும் அவர் பாதியில் விட்டதில்லை.

வலது பக்கம், ஒரு கொப்புளம் இருந்த இடத்தில், ஒரே ஒரு குமிழி பெரிதாக எழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஆசிட் துத்தநாகத்தைத் தொட்டுவிட்டது.

தூக்கிவிட்டார்.

ஆசிட்டை முறிக்கச் சோடா உப்புத் தண்ணீர். பிறகு நல்ல தண்ணீர். துணியால் ஒற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கொப்புளத்தின் இடத்தில் மிளகளவு பள்ளம். ஓட்டை இல்லை. வளையம் கையில் கனத்தது.

நஸ்ரத் வந்து எட்டிப் பார்த்தாள்.

“இடது பக்கம் ஒரு அங்குலம் குரோம் அப்படியே இருக்குங்களே.”

தாமோதரசாமி ஏற்கெனவே தரையில் உட்கார்ந்திருந்தார். வளையம் மடியில் இருந்தது. உப்புத்தாளைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அதுக்கு ஆசிட் வேண்டாம்,” என்றார்.