கொண்டலாத்தி காட்டிய வழி

நாவல் காட்டில் ஒரு மந்தி தன் மகள் மின்னியோடு வாழ்ந்து வந்தது. மின்னிக்கு வளரும் வயது. கூப்பிட்டால் வராது, அதட்டினால் எதிர்த்துப் பேசும். ஒருமுறை கோபித்துக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போய், இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பியது.

மந்தி அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தபோது கொண்டலாத்திப் பறவை வந்தது.

“கவலையை விடுங்கள், அக்கா! அடங்காத பிள்ளைகளைத் திருத்தவே குன்றுக்கு அப்பால் ஒரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. கழுதைப்புலி ஐயா நடத்துகிறார். எத்தனையோ தாய்மாருக்கு நான்தான் வழி காட்டினேன்!”

“நீ உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாயா?”

“எனக்குத் தெரியாத இடமா, அக்கா? ஒன்று மட்டும் சொல்கிறேன். அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்று பிள்ளை அழும். நம்பிவிடாதீர்கள்! வீட்டுக்கு ஓடி வரப் போடும் நாடகம் அது. மூன்று பௌர்ணமி கழியும்வரை நீங்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது!”

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதைக்கூட மந்தி கவனிக்கவில்லை. அவ்வளவு களைத்துப் போயிருந்தது. சரியென்று தலையாட்டிவிட்டது.

மறுநாள் பயிற்சிக்கூடத்திலிருந்து இரண்டு ஓநாய்கள் வந்து மின்னியை இழுத்துப் போயின. “அம்மா! போக மாட்டேன், அம்மா!” என்று அது கதறியது. மந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சில நாள் கழித்துக் கொண்டலாத்தி சேதி கொண்டுவந்தது. “உங்கள் மின்னி இப்போது பரம சாது! தினமும் நெல்லிக்காயை ஆசை ஆசையாகத் தின்கிறாள்!”

மந்திக்குச் சுருக்கென்றது. நெல்லிக்காயை வாயில் வைத்தாலே மின்னி துப்பிவிடுமே!

அன்றே குன்றேறிப் போய் ஒரு மரத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்தது. முள்வேலிக்குள், கொளுத்தும் வெயிலில், எலும்பும் தோலுமான குட்டிகள் கரையான் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தன. நகமெல்லாம் ரத்தம். தளர்ந்த குட்டியின் காதைக் கழுதைப்புலி கடித்தது. அந்தக் குட்டி மின்னி! புற்றின் உச்சியில் உட்கார்ந்து, சாவகாசமாகக் கரையான் கொத்திக்கொண்டிருந்தது கொண்டலாத்தி.

மந்தி காட்டெருமையிடம் ஓடியது. அதன் கன்றும் அங்கேதான் இருந்தது. கேட்ட மாத்திரத்தில் காட்டெருமை பாய்ந்து போய் வேலியை முட்டித் தகர்த்தது. கழுதைப்புலியும் ஓநாய்களும் ஓடியே போய்விட்டன.

“நான் வழிதானே காட்டினேன்! உள்ளே நடப்பதற்கு நானா பொறுப்பு?” என்று சிறகடித்தது கொண்டலாத்தி.

“பொய், அம்மா!” என்று அலறியது மின்னி. “பிடித்துக் கொடுக்கிற ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு புற்று! அதுதான் இவளுக்குக் கூலி. அதை எங்களையே தோண்ட வைத்தார்கள். ‘அம்மாவிடம் சொல்லுங்கள், அத்தை’ என்று காலில் விழுந்தேன். கொத்துவதைக்கூட நிறுத்தவில்லை!”

“அடிப் பாவி! என் கண்ணீரைப் பார்த்துக்கொண்டே என் பிள்ளையை விற்றாயா?” மந்தி கல்லை எடுத்தது. கொண்டலாத்தி தப்பிப் பறந்தது. அதன் பிறகு நாவல் காட்டில் எந்த விலங்கும் அதை அண்ட விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும், பேன் பார்க்க மந்தி கையைத் தூக்கியது. மின்னி சட்டென்று தலையை மூடிக்கொண்டு ஒடுங்கியது. தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

“நீ கதறியும் அனுப்பினேனே! தப்பு என்னுடையதும்தான், கண்ணே!” என்று மந்தி அழுதது. மின்னி தள்ளிப் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் வந்து உட்கார அதற்குப் பல மாதம் ஆயிற்று.

வழி காட்டுகிறவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று கேட்காமலும், இடத்தை நம் கண்ணால் பார்க்காமலும், நம் பிள்ளையை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது.