கோழியின் சாட்சி

பாவாயி கோழிப்பண்ணையில் தீவனம் போடுகிறவள். அந்தக் கோடையில் வெக்கையும் காய்ச்சலும் தாங்காமல் கூண்டுக்குள்ளேயே கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. நெருக்கியடித்த கொட்டகையிலிருந்து காய்ச்சல் வேலையாட்களுக்கும் தொற்றியது. பாவாயி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தாள்.

விசாரணைக்கு வந்த முதலாளி பொங்கியண்ணன் சிரித்தார். "எல்லாம் சொகுசாத்தான் இருக்குதுங்க. குறை இருந்தா கோழியே வந்து சாட்சி சொல்லட்டும்!"

அலுவலகமே சிரித்தது. பாவாயி கோட்டாட்சியர் நசீமாவைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"சொல்லுமுங்க அம்மா. ஆனா அதுகளைப் பூட்டி வெச்சிருக்குது, வர முடியாது. விசாரணையைக் கொட்டகைக்குள்ளயே வெச்சுக்கலாமுங்க. அத்தனை சொகுசான இடத்துல ஐயாவுக்கு ஒரு நாற்காலி போட்டாப் போதும்."

நசீமா உடனே கிளம்பினார். உச்சி வெயிலில், தகரக் கூரைக்கடியில் நாற்காலி போட்டார்கள். எச்ச நெடி கண்ணைக் கரித்தது. நசீமா முதல் கேள்வியைக் கேட்பதற்குள் பொங்கியண்ணன் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினார்.

"எங்கே போறீங்க?" என்றார் நசீமா.

"மூச்சு முட்டுதுங்க! உசுருள்ளது இருக்க முடியுமா இதுக்குள்ள?"

பாவாயி மெதுவாகச் சொன்னாள்: "கோழி சொல்ல வேண்டியதை ஐயாவே சொல்லிட்டாருங்க."

விலங்கு நலச் சட்டப்படியும் தொழிலாளர் சட்டப்படியும் நசீமா அங்கேயே உத்தரவு போட்டார்: கூண்டில் பாதிக் கோழிதான் இருக்கலாம், காற்றாடியும் ஈரச்சாக்கும் கட்ட வேண்டும், வேலையாட்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

பாவாயி அதற்குள் ஒரு கூண்டைத் திறந்து, வாய் பிளந்து மூச்சிரைத்த கோழியை மடியில் வைத்திருந்தாள். அவள் உள்ளங்கையில் நசீமா தண்ணீர் ஊற்றினார். அது குடித்தது.