நாலு நிறத் தவளை

“‘போற ஊரு நிறத்துல இருந்துக்கடா, ஆனா…’ன்னு அப்பா ஏர்போர்ட்ல சொன்னாருங்க டீச்சர். அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் என்னன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது.”

திருமூர்த்தி இதைச் சொன்னபோது வால்பாறைச் சோலையில் தூறிக்கொண்டிருந்தது. மத்தியானம்தான். காடு இருட்டியிருந்தது.

பியூலா டீச்சர் அங்கே அவரைப் போன்ற தன்னார்வலர்களுக்குத் தவளைக் கணக்கெடுக்கக் கற்றுத்தருபவர். திருமூர்த்தியைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“வேற யாருக்காவது ஞாபகம் இருக்குமா?”

“அக்காவுக்கு இருக்கும். பொள்ளாச்சில இருக்குது.”

“கேட்டுட வேண்டியதுதானே?”

“நான் ஊர் திரும்பினதே அதுக்குத் தெரியாதுங்க. நாலு மாசமாச்சு. அப்பா காரியத்துக்கே வராதவன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?”

“புதர்ல தவளைங்களை எண்ணிட்டீங்களா?”

நோட்டை நீட்டினார். பச்சை ஒன்று. காய்ந்த இலை நிறத்தில் இரண்டு. மஞ்சள் ஒன்று. முதுகில் வெள்ளைக் கோடு ஓடியது ஒன்று. கீழே, ‘நாலு இனம்’ என்று அடிக்கோடு.

டீச்சர் சிரித்துவிட்டார். “இருபத்து மூணு வருஷம் வெளிநாடு பாத்த கண்ணு!”

“தப்புங்களா?”

“அந்தக் கண்ணைக் கொஞ்சம் மூடிக்கிட்டு உக்காருங்க சார்.”

உட்கார்ந்தார். கணுக்காலில் அட்டை ஏறியது. தட்டிவிடவில்லை.

மழை வலுத்தது. இடப்பக்கம் ஒன்று கூப்பிட்டது. டிக், டிக், டிக். காலடியில் ஒன்று. பிறகு தலைக்கு மேலே. அதே டிக், டிக், டிக்.

“எத்தனை இனம்?”

“ஒண்ணுதானுங்க.” நோட்டைப் பார்த்தார். “அப்ப நிறமெல்லாம்?”

“பாம்புக்காக. எல்லாம் ஒரே நிறமா இருந்தா, ஒண்ணைப் பாத்த பாம்பு எல்லாத்தையும் பாத்துடும்.”

“சத்தம் போட்டா மட்டும் மாட்டாதா?”

“மாட்டும்.”

“தெரிஞ்சுமா கூப்பிடுது?”

டீச்சர் ஓர் இலையை மெல்லத் தூக்கினார். அடியில் இன்னொரு தவளை. பாசி நிறம். எண்ணிக்கையில் விட்டுப்போனது.

“இதுவும் ஆண்தான். கூப்பிடாது. இந்த சீசன் முழுக்கப் பாத்துட்டேன். ஒரு பாம்பும் தொடலை.”

“கெட்டிக்காரன்.”

“ம். ஒரு தவளையும் கிட்ட வரலை.”

டீச்சர் இலையை விட்டார். அது தவளையை மூடிக்கொண்டது.

திருமூர்த்தி அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டில் ‘நாலு’ என்பதை அடித்து, ‘ஒண்ணு’ என்று எழுதினார்.

“பொள்ளாச்சிக்கு பஸ் எத்தனை மணிக்குங்க?”

“நாலரைக்கு. துணிய மாத்திக்கிட்டுப் போங்க சார், ஒரே சேறு. உங்க அக்காவுக்கு அடையாளம் தெரியாது.”

“பேசுனா தெரியும்.”

நாலரை பஸ்ஸில் ஏறினார், அந்தச் சேற்றோடு.