நாய் எங்கே?

"படத்தையே திரும்ப வாங்கிக்கப் போறேன், குரு. மெயில்கூட அடிச்சு வச்சிட்டேன்."

எடிட்டிங் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள் இவாஞ்சலின்.

குரு என்று அவள் கூப்பிட்டது ஷமீமாவை. பல்கலைக்கழகத்தில் அவளுக்குச் சில வருடம் மூத்தவள், அவ்வளவுதான். குரு என்பது பாதி கேலி. மீதிப் பாதிக்கு ஷமீமா பொறுப்பேற்றதில்லை.

"அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப உட்காரு."

படம் நீலாவதியைப் பற்றியது. ஆற்றங்கரையில் அவள் வீட்டை இடித்துவிட்டார்கள். இடித்த இடத்தில் நின்றுகொண்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேமராவையே பார்ப்பாள். அந்த மௌனத்துக்காகத்தான் இவாஞ்சலின் படமே எடுத்தாள். படத்தைத் திரையிடப் போகிற வில்சன் சார் பார்த்துவிட்டு, எந்த நிமிடம், எந்த நொடி என்று போட்டுக் குறிப்புகள் அனுப்பியிருந்தார்.

"குறிப்பெல்லாம் டைம்லைன்ல ஏத்தினியா?"

"ஏத்தினேன். ஏத்தினதாலதான் கொதிக்குது."

திரையில், படத்தின் நீளத்துக்கு ஓடும் பட்டையின் மேல், குறிப்புகள் சிவப்புக் கொடிகளாக நின்றன.

ஒரு கொடி, சரியாக நீலாவதியின் மௌனத்தின் மேல். ஷமீமா அதைத் திறந்தாள்.

'இது எதற்கு? எடுத்துவிடலாம்.'

"எதற்காம். வீடு இடிஞ்சவ பேசாம நிக்கிறது இவருக்கு எதற்காம். அவ மார்ல அடிச்சுக்கிட்டு அழுதிருந்தா வச்சிருப்பார். ஏழைன்னா அழணும், இல்லையா? இதை நான் எடுக்க மாட்டேன். எடுத்தா அது என் படமே இல்ல."

ஷமீமா வேறொரு கொடியைத் திறந்தாள்.

'நாய்ச் சத்தம் அதிகம். குறைக்கவும்.'

திரையில் ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நாய் எங்கே?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். நாயும் இல்ல, நரியும் இல்ல. மனுஷர் படத்தையே பார்க்கல."

"நாய் எங்கே?"

"குரு, இந்தச் சாமியார் வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்."

ஷமீமா படத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து ஓடவிட்டாள்.

இடிபாட்டுக் குவியல் மேல் ஏறி நின்று ஒரு நாய் குரைத்தது.

இவாஞ்சலின் வாயை மூடினாள். அது அபூர்வம்.

"அவருக்கு அனுப்பின காப்பியில முன்னாடி என்ன ஒட்டின?"

"ஒண்ணும் ஒட்டல."

ஷமீமா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"பேர் மட்டும். 'இயக்கம்: இவாஞ்சலின்'னு ஒரு கார்டு. இந்த டைம்லைன்ல அது இல்ல."

"எவ்வளவு நேரம்?"

"பத்து செகண்ட்."

"பத்து."

"நிதானமா படிக்கட்டும்னு..."

ஷமீமா எல்லாக் கொடிகளையும் சேர்த்துப் பிடித்து, ஒரு பெயரின் அளவுக்கு, அந்தப் பத்து நொடி, படத்தின் தொடக்கம் பக்கமாக நகர்த்தினாள்.

நாய்க்கான கொடி நாயிடம் போயிற்று.

'இது எதற்கு?' நீலாவதியை விட்டு விலகியது. அவள் மௌனத்துக்குச் சற்று முன் ஓடிய பின்னணிக் குரலின் மேல் போய் நின்றது. இவாஞ்சலினின் குரல். "இவள் கண்களுக்குள் ஒரு நகரமே இடிந்து கிடக்கிறது..."

அடுத்த கொடி மௌனத்துக்கு வந்தது. அதில் ஒரே சொல்.

'போதும்.'

"பார்த்தீங்களா, அப்பவும் விடல. போதும்னா என்ன? நிறுத்துன்னுதானே?"

ஷமீமா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். மூடியில் புளிச்சாதத்தை வைத்து அவள் பக்கம் தள்ளினாள்.

இவாஞ்சலின் வில்சன் சாரைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டாள். மூடி காலியானது. ஷமீமா இன்னும் வைத்தாள். அதுவும் காலியானது. மறுபடி கரண்டியை எடுத்தாள்.

"போதும் குரு."

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இல்லன்னு யார் சொன்னா? நிறைஞ்சிடுச்சு. அதுக்குமேல எதுவும் வேணாம், அதான் போதும்னு..."

தடுக்க நீட்டிய இவாஞ்சலினின் கை அந்தரத்தில் நின்றது.

திரையில் நீலாவதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது கை முழுக்கப் புளிச்சாதம். இவாஞ்சலின் இடது கையால் மவுஸைப் பிடித்து, தன் குரல் கிடந்த துண்டைத் தேடிப் பிடித்து அழித்தாள்.

"மெயில்?" என்றாள் ஷமீமா.

"எந்த மெயில்?"